ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கு ஆளை அனுப்புவதா, பயிற்றுநரை வரவழைப்பதா? மாதவரம், மணலிப் பக்கம் குடோன் நடத்துபவர்களுக்கு

பெரிய கஸ்டமர் ஒருவர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார். வந்தவர் நெருப்பணைப்பானைப் பார்க்கிறார், ரேக்கைப் பார்க்கிறார், கடைசியில் ‘ஆப்பரேட்டர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார். மாதவரம், மஞ்சம்பாக்கம், விச்சூர், மணலி புதுநகர் என்று எந்தப் பக்கம் போனாலும், மூன்று நான்கு ஃபோர்க்லிஃப்ட் வைத்திருக்கும் குடோன்காரர்களுக்குப் பயிற்சி என்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பமாகிறது. அவசரத்துக்கு யாரையாவது பிடித்து நாலு சான்றிதழ் வாங்கி ஃபைலில் சொருகிவிடலாம், ஆடிட் முடிந்துவிடும். அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. எப்படியும் பணம் செலவழிக்கப் போகிறோம், அது வண்டி கவிழாமலும் ஆள் நசுங்காமலும் இருக்கப் பயன்படட்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நடைமுறையில் இருக்கும் வழிகள் ஐந்தாறுதான். பழைய ஆப்பரேட்டரோடு புது ஆளை விட்டுப் பழக்குவது, பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவது, பயிற்றுநரைக் குடோனுக்கே வரவழைப்பது, வண்டி விற்ற டீலரிடம் கேட்பது, ஆன்லைன் கோர்ஸ். அப்புறம், இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வண்டியையும் ஆப்பரேட்டரையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பது. என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் ஆட்களுக்குப் பயிற்றுநரை வரவழைப்பது, ஒன்றுமே தெரியாத புது ஆளுக்கு முதலில் பயிற்சி நிலையம். மற்றதெல்லாம் இவற்றுக்குத் துணைதான், இவற்றுக்குப் பதில் ஆகாது.

லைசென்ஸ் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ‘சார், என்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு’ என்று வந்து நிற்பவரை உடனே வண்டியில் ஏற்றுவது இங்கே சகஜம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்துவதற்கென்று செய்த சிறப்பு வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலேயே சேர்ப்பதில்லை. ஆக, காம்பவுண்டுக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்டுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பொறுப்பில்லை. ஆனால் எதிரெதிரே இரண்டு குடோன் வைத்துக்கொண்டு நடுவில் தெருவைக் கடந்து பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) கொண்டுபோகிறீர்கள் பாருங்கள், அந்த இருபது அடியில் கதை மாறிவிடும். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாமே கேள்விக்கு வரும். மாதவரம் உள்தெருக்களில் இதைத் தினமும் பார்க்கலாம். மற்றபடி ஹெவி லைசென்ஸ் சொல்வது, இவருக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பதை மட்டும்தான். பின்சக்கரத்தில் திரும்பும் வண்டியை, முன்னால் இரண்டு டன்னைத் தூக்கிக்கொண்டு, ஆள் நடக்கும் இடத்தில் ஓட்டத் தெரியும் என்று அது சொல்லவில்லை.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் கிடையாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் சேர்த்த 7ஏ பிரிவே தகவல், பயிற்சி, மேற்பார்வை மூன்றையும் நிறுவனத்தை நடத்துபவரின் கடமையாக வைத்தது. இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கடமை முதலாளி தலையிலிருந்து இறங்கிவிடவில்லை. துறைமுகத்துக்குள்ளே வேலை என்றால் கப்பல்துறைத் தொழிலாளர்களுக்கான 1986 சட்டமும் 1990 விதிகளும் தனியாக இருந்தன, அந்தச் சட்டத்தையும் இந்தத் தொகுப்புச் சட்டம் தனக்குள் சேர்த்துக்கொண்டது.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? பிரிட்டனில் ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வண்டி பற்றிய அடிப்படை, இந்த வேலைக்கும் இந்த வண்டிக்கும் உரிய பயிற்சி, பிறகு இந்த இடத்தில் கண்காணிப்போடு ஓட்டிப் பழகுவது. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி வேறு மாதிரி சொல்கிறது, ஆனால் கேட்பது ஏறக்குறைய அதையேதான்: வகுப்பு, செய்முறை, அப்புறம் அவர் வேலை செய்யும் இடத்தில் ஓட்டவிட்டுப் பார்த்து மதிப்பிடுவது. இந்த மூன்றில் எந்த வழி எதைத் தருகிறது, எது விடுபடுகிறது என்று கேட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

பழைய ஆளோடு விட்டுப் பழக்குவதில் இடம் பற்றிய அறிவு தானாக வந்துவிடுகிறது. எந்த ராம்ப் மழையில் வழுக்கும், எந்த மூலையில் லோடுமேன் உட்கார்ந்து டீ குடிப்பார், டிசம்பரில் எங்கே தண்ணீர் நிற்கும், எந்த லாரியின் தளப்பலகை உளுத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து வரும் எந்தப் பயிற்றுநருக்கும் தெரியாது. செலவும் இல்லை. ஆனால் அவரிடம் இருக்கும் கெட்ட பழக்கமும் சேர்ந்தே வருகிறது. சீட் பெல்ட் போடாமல் ஓட்டினால் கத்தும் வண்டியில், பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்காரும் வித்தையைப் புது ஆளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? லோடு பார்வையை மறைக்கிறது என்று அதை ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே முன்னால் ஓட்டுவது, மேல்தட்டில் பெட்டி எண்ண லோடுமேனை வெறும் பேலட்டில் நிற்கவைத்து ஏற்றுவது, இதெல்லாமும் அப்படி வருவதுதான்.

இந்த முறையில் இன்னொரு ஓட்டையும் உண்டு: ஏன் என்பது வராது. லோடைத் தாழ்த்தி ஓட்டு என்பார்கள், எதற்கென்று சொல்லத் தெரியாது. ஃபோர்க்லிஃப்டுக்கு நாலு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல்தான். முன்சக்கரம் இரண்டும், பின் அச்சு ஆடும் நடுப்புள்ளியும்தான் அதன் மூன்று முனை. லோடும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரைதான் வண்டி நிற்கும். லோடை மேலே தூக்க மையமும் மேலே போகும், அந்த நிலையில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலோ திடீரென்று பிரேக் போட்டாலோ அது முக்கோணத்தை விட்டு வெளியே போய்விடும், வண்டி சாய்ந்துவிடும். சாயும்போது ஆள் செய்ய நினைப்பது குதிப்பது. குதித்தவர்மேல் மேல்கூண்டு வந்து விழும். பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுதான் பிழைக்கும் வழி. இது உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது, அதனால் யாரும் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொடுத்தால்தான் உண்டு.

அதே மாதிரி கொள்ளளவுத் தகடு. வண்டியில் ‘3 டன்’ என்று பெரிதாக எழுதியிருக்கும், எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள். தகட்டில் இருப்பது, லோடின் மையம் ஃபோர்க்கின் (லோடைத் தாங்கும் இரட்டைக் கை) செங்குத்து முகத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால் 3,000 கிலோ என்பது. பெட்டி நீளமாகி மையம் 700-க்குத் தள்ளிப்போனால் அதே வண்டியின் திறன் சுமார் 2,500 கிலோவுக்கு இறங்கிவிடும். ஃபோர்க்கைத் தூக்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்டின் உயரம் கூடினால் இன்னும் குறையும், சைடு ஷிஃப்டர், கிளாம்ப் மாதிரி ஏதாவது மாட்டினால் அதற்கும் குறையும். நீளமான மரப்பெட்டியில் மெஷின் வந்து இறங்கும் யார்டுகளில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவதும், உடனே பின்னால் இரண்டு லோடுமேன்களை ஏறி உட்காரச் சொல்வதும் இந்தத் தகட்டைப் படிக்காததன் விளைவு. பல வண்டிகளில் அந்தத் தகட்டின்மேலேயே பெயின்ட் அடித்திருப்பார்கள், அது வேறு கதை.

பயிற்சி நிலையத்துக்கு வருவோம். ஒரு ஸ்டீயரிங்கைக்கூடத் தொடாத பையனைச் சேர்க்கிறீர்கள் என்றால் இதைத் தவிர வேறு வழியைச் சொல்ல மாட்டேன். முதல் வாரத் தடுமாற்றம் எல்லாம் காலி மைதானத்தில், கூம்புகளுக்கு நடுவே நடந்து முடியட்டும், உங்கள் கஸ்டமர் சரக்கின்மேல் வேண்டாம். லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது, அதன் பாடத்திட்டப்படி நடத்தும் நிலையங்களில் மதிப்பீட்டையாவது வேறு ஆள் வந்து செய்வார். தனியார் நிலையங்களில் நல்லதும் உண்டு, மூன்று நாளில் சான்றிதழை லேமினேட் செய்து கையில் கொடுப்பதும் உண்டு. எது எது என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? பிரிட்டனில் ஒரு வண்டி, ஒரு பயிற்றுநர், மூன்று பேர் என்பதுதான் மேல்வரம்பாக வைத்திருக்கும் கணக்கு. இங்கே பதினைந்து பேர் வரிசையில் நிற்க, ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டவிட்டால், மீதி நேரம் முழுக்க அவர் கற்றுக்கொள்வது வெயிலில் நிற்பதைத்தான்.

நிலையத்தில் கிடைக்காதது உங்கள் குடோன். அங்கே தரை சமமாக இருக்கும், பேலட் காலியாக இருக்கும், கன்டெய்னர் இருக்காது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து வரும் கன்டெய்னர்களைப் பிரிக்கும் சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலைய) யார்டுக்கு ஆள் எடுப்பவர்களுக்கு இது பெரிய குறை. கன்டெய்னருக்குள் அகலம் 2.35 மீட்டர்தான், உயரம் சுமார் 2.39 மீட்டர். உள்ளே போய் லோடைத் தூக்கும்போது மாஸ்டின் தலை எழும்பாத வகை வண்டி வேண்டும், இல்லாவிட்டால் மாஸ்ட் கூரையைக் குத்தும். டிரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா, இழுக்கும் வண்டியைக் கழற்றிவிட்டு டிரெய்லரைத் தனியாக நிறுத்தியிருந்தால் முன்பக்கம் முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். டீசல் வண்டி உள்ளேயே நின்று உறுமினால் புகை போக வழியில்லை. இதில் ஒன்றைக்கூடக் கூம்புகளுக்கு நடுவே கற்பிக்க முடியாது. அரசுத் தரப்பில் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் பாதுகாப்புப் பயிற்சிகள் நடத்துகிறது. உங்கள் சூப்பர்வைசரை அங்கே அனுப்புவது நல்ல முதலீடு, ஆனால் மணலியிலிருந்து தரமணிக்கு ஆப்பரேட்டர்களை அனுப்பி வைத்துவிட்டு இங்கே லோடு யார் இறக்குவது என்ற கேள்வி வரும். வடக்கிலிருந்து தெற்கே ஊரைக் கடந்து போய்வருவதற்கே பாதி நாள் கரைந்துவிடும்.

அதனால்தான் வரவழைக்கும் முறை. அனுபவம் இருக்கிறது, பயிற்சி இல்லை என்கிற ஆட்கள்தான் இந்தப் பக்கம் பெரும்பான்மை. அவர்களுக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, ஊறிப்போன பழக்கத்தை மாற்ற வேண்டும். அதை அவர்கள் வண்டியில், அவர்கள் ராம்ப்பில் வைத்துத்தான் செய்ய முடியும். நல்ல பயிற்றுநர் வந்தால் முதல் ஒரு மணி நேரம் யாரையும் ஓட்டவிட மாட்டார். வண்டியைச் சுற்றிவரச் சொல்வார். டயரில் வெட்டு, செயினில் தொய்வு, ஹைட்ராலிக் கசிவு, ஹாரன், பிரேக். அப்புறம் குனிந்து, ஃபோர்க் வளையும் அந்தக் குதிகாலைத் தடவிப் பார்க்கச் சொல்வார். தரையில் தேய்ந்து தேய்ந்து அங்கே தடிமன் பத்து சதவீதம் குறைந்திருந்தால் அந்த ஃபோர்க்கின் தாங்கும் திறன் சுமார் இருபது சதவீதம் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். வருடக்கணக்கில் ஓட்டியவர்கள்கூட அந்த இடத்தை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். பிறகுதான் ஓட்டம். ராம்ப்பில் லோடோடு ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில், அதாவது லோடு எப்போதும் மேட்டைப் பார்த்து. காலி வண்டி என்றால் ஃபோர்க் பள்ளத்தைப் பார்த்து. இதைப் பலகையில் வரைந்து காட்டுவதற்கும், ‘இப்போ இறங்கு பார்க்கலாம்’ என்று பக்கத்தில் நின்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கணக்கும் இதில் சாதகம். நிலையங்கள் ஆள் கணக்கில் வாங்குகின்றன, வரும் பயிற்றுநர் பெரும்பாலும் நாள் கணக்கில் வாங்குவார். ஆறேழு பேர் இருந்தாலே வரவழைப்பது கட்டுப்படியாகிவிடும். ஒரே ஒரு ஆள் என்றால் கட்டாது, பக்கத்துக் குடோன்காரரோடு சேர்ந்து ஏற்பாடு செய்யலாம்.

இதிலும் ஏமாற்றம் உண்டு. புரொஜெக்டரில் வெளிநாட்டு விபத்து வீடியோ நாலைந்து ஓட்டி, எல்லோரையும் நிற்கவைத்து குரூப் போட்டோ எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போகிறவர்களும் தங்களைப் பயிற்றுநர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்துக்குப் பேனரோடு சேர்த்து இவர்களையும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. வேலையை நிறுத்தாமல் பயிற்சி வைப்பது இன்னொரு ஏமாற்றம், அது நாமே செய்துகொள்வது. பாதியில் சூப்பர்வைசர் வந்து ‘லாரி நிக்குது, குமாரை ரெண்டு நிமிஷம் விடுங்க சார்’ என்றால் குமாரின் பயிற்சி அங்கேயே முடிந்தது. லோடு ஏற்றி இறக்கும் ஒரு பே, ஒரு வண்டி, அந்த நாளுக்கு முழுசாக ஒதுக்க முடியாவிட்டால் பயிற்றுநரைக் கூப்பிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்குத் தனியாக வைக்க வேண்டும். தூங்காமல் வந்து காலையில் உட்காருபவர் தலையில் எதுவும் ஏறாது.

மொழியையும் சொல்லியாக வேண்டும். மணலி, செங்குன்றம் பக்கம் குடோன்களில் லோடுமேன்களிலும், இப்போது ஆப்பரேட்டர்களிலும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். தமிழில் பேசும் பயிற்றுநர், ஆங்கிலத்தில் கேள்வித்தாள், இந்தி மட்டும் தெரிந்த ஆப்பரேட்டர் என்று மூன்றும் ஒரே அறையில் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து டிக் அடிப்பதுதான் நடக்கும். இந்தியும் பேசத் தெரிந்தவராகப் பாருங்கள், இல்லாவிட்டால் தேர்வை வாய்மொழியாக, வண்டிக்குப் பக்கத்தில் வைத்து நடத்தச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவரிடம் கொள்ளளவுத் தகட்டைக் காட்டி ‘இந்தப் பெட்டியைத் தூக்கலாமா?’ என்று கேட்டாலே போதும்.

டீலர் பயிற்சியைப் பலர் கண்டுகொள்வதில்லை. புது வண்டி இறங்கும் அன்று டெலிவரி ஆள் அரை மணி நேரம் விளக்குவார், அந்த ஷிஃப்டில் இருந்த ஒருவர் மட்டும் கேட்டிருப்பார். அதோடு சரி. வண்டி மாறும்போது இதன் அருமை தெரியும். லிண்டே மாதிரி சில வண்டிகளில் இரண்டு ஆக்சிலரேட்டர் இருக்கும், வலது மிதித்தால் முன்னால், இடது மிதித்தால் பின்னால். வேறு வண்டியில் வருடக்கணக்கில் பழகியவர் இடது காலைப் பழக்கதோஷத்தில் அழுத்தினால் வண்டி பின்னால் பாயும். உயரமான ரேக்குகளுக்கு நடுவே ஓடும் ரீச் டிரக்கில் பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், சாதாரண ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அதில் முதல் நாள் திணறத்தான் செய்வார். பேட்டரி வண்டிக்கு மாறினால் சார்ஜ் போடும் இடத்தில் ஹைட்ரஜன் சேரும், அங்கே பீடி பற்றவைக்கக்கூடாது, லெட் ஆசிட் என்றால் சார்ஜ் ஏறிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்த மாதிரி விஷயங்களை டீலரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. வாங்கும்போதே, பணம் முழுசாகக் கொடுப்பதற்கு முன்னால், எல்லா ஷிஃப்டுக்கும் தனித்தனியாக விளக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் கோர்ஸ் ஆப்பரேட்டருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். திரையில் பார்த்துவிட்டு ஓட்ட அனுமதிப்பதை, இந்த மாதிரி கோர்ஸ்கள் ஏராளமாக விற்கும் அமெரிக்காவில்கூட ஓஷா ஏற்பதில்லை, செய்முறையும் நேரடி மதிப்பீடும் தனியாக நடக்க வேண்டும். ஆனால் வண்டி ஓட்டாதவர்களுக்கு அது உதவும். சூப்பர்வைசர், செக்யூரிட்டி, ஸ்டோர்ஸ் ஆட்கள் எல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது பின்பக்கம் எவ்வளவு வீசும் என்று தெரியாமல் அதன் ஓரத்தில் நின்று போன் பேசுகிறவர்களுக்கும் பயிற்சி வேண்டும்தானே.

வாடகை வண்டியோடு ஆள் வருவது பார்க்கச் சுலபம். கான்ட்ராக்டர் பொறுப்பு என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று வந்தவர் நாளை வர மாட்டார், நாளை வருபவருக்கு உங்கள் இடம் தெரியாது. சான்றிதழ் நகலில் இருக்கும் பெயரும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரும் ஒன்றா என்று கேட்டில் பார்த்தால் சில நாள் ஆச்சரியம் காத்திருக்கும். வாடகை வண்டி என்றால், பெயர் குறிப்பிட்ட இரண்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் போடுங்கள், முதல் நாள் உங்கள் ஆளோடு ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்லுங்கள். மணலியில் சால்வென்ட், கெமிக்கல் டிரம் வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்: தீப்பற்றும் ஆவி இருக்கும் பகுதிக்குள் சாதாரண டீசல் வண்டியோ சாதாரண பேட்டரி வண்டியோ போகக்கூடாது, அதற்கென்று தீப்பொறி வெளிவராத வகையில் செய்த வண்டி வேண்டும். வாடகைக்காரர் அனுப்பும் வண்டி அந்த வகையா என்று கேட்டில் நிற்பவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்த பிறகு யார் எந்த வண்டியை ஓட்டலாம் என்று நிறுவனத்தின் பெயரில் ஒரு அனுமதி அட்டை கொடுங்கள். சான்றிதழ் பயிற்றுநர் கொடுப்பது, அனுமதி நீங்கள் கொடுப்பது, இரண்டும் வேறு. அதில் வண்டியின் வகை, எத்தனை டன், எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கட்டும். ஓஷா மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி ஓட்டவிட்டு மதிப்பிடச் சொல்கிறது, நம் ஊருக்கும் அது பொருந்தும். நடுவில் ரேக்கை இடித்தாலோ, நூலிழையில் யாராவது தப்பினாலோ, வண்டி மாறினாலோ, குடோனின் உள்ளமைப்பையே மாற்றினாலோ மூன்று வருடத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் சாவி. மதியம் ஆப்பரேட்டர் சாப்பிடப் போகும்போது சாவி வண்டியிலேயே தொங்கினால், ‘கொஞ்சம் நகத்தி வைக்கிறேன்’ என்று ஏறுபவர் அந்த அனுமதி அட்டை இல்லாத லோடுமேனாகத்தான் இருப்பார். ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து சூப்பர்வைசர் மேசையில் மாட்ட வேண்டும், வாங்கும்போது அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். பயிற்றுநர் வருவதற்கு முந்தைய வாரமே இதை ஆரம்பித்துவிடலாம், அதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.